வயிறு சின்னதானால் போதுமா?



பாம்புக்கடி, பூச்சி மருந்து, பிள்ளைகளின் குடற்புழு என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இந்த முறை கொஞ்சம் புதுமாதிரியான விஷயம். உடம்பு எடையைக் குறைப்பதற்காக இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆப்பரேஷனைப் பற்றித்தான் சொல்லப் போகிறோம். "இது பணக்காரர் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் ஜனங்களிலேயே இதைச் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் அதைவிட அதிகம். அரைகுறையாகக் கேள்விப்பட்டுப் போய்ப் படுப்பதைவிட, முழுவதும் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லதல்லவா?

செபராங் பிறைப் பக்கம் ஓர் அக்கா இருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே எழுதவில்லை. வயசுக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்பாகப் போனபின் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. மரம் வெட்டிய காலத்தில் ஒல்லிக்குச்சி. சமையல்கட்டில் பத்து வருஷம் நின்றதும் 118 கிலோ! இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, முட்டிவலி மூன்றும் சேர்ந்துகொண்டன. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆப்பரேஷன் நடந்தது. "கத்தி பட்ட அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன் தம்பி, அன்னிக்குத்தான் எல்லாம் ஆரம்பம்னு அப்புறந்தான் தெரிஞ்சிச்சு" என்றார். அந்த 'அப்புறம்' என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். உடம்பு பருத்தவரைப் பார்த்து "தின்னே கெட்டான், சோம்பேறி" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இது தப்பு. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இந்நாட்டுப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் தேவைக்கு மேல் எடையுள்ளவர்கள் என்று தெரியவந்தது. 2023இல் அது 54.4 விழுக்காடாக ஏறிற்று. இனவாரியாகப் பார்த்தால் எடையிலும் இனிப்பு நீரிலும் முன்னால் நிற்பது நம் இந்தியர்கள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் சோம்பேறியாகிவிட்டார்களா? விடிகாலை பெரட்டுக்கு நின்று, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, காண்டாவில் பால் சுமந்த உடம்புக்கு அந்தச் சோறு சரியாக இருந்தது. வேலை மாறிற்று, சோறு மாறவில்லை. அதற்கு மேல் சீனியும் மாவும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கின்றன, மீனும் காய்கறியும் விலை ஏறிக்கொண்டே போகின்றன.

சீனிக்கும் நமக்கும் உள்ள உறவு பழைய கதை. நம் முன்னோர்கள் புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பிறைக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் வந்து இறங்கியபோது ரப்பர் ஏது? பத்து காவானிலும் நிபோங் திபாலிலும் வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டங்கள்தான். ரப்பர் பின்னால் வந்தது. கரும்பு போய்விட்டது, சீனி மட்டும் நம்மை விடவில்லை. ஜார்ஜ்டவுனில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சீனியைக் குறையுங்கள் என்று எத்தனையோ வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. 2013 அக்டோபரில் சீனிக்கான உதவித்தொகை நீக்கப்பட்டது, 2019 ஜூலையிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு வரி போடப்பட்டது. இருந்தும் டின் பாலில் கிட்டத்தட்ட பாதி சீனி என்பதை நினைத்தா தே தாரிக் குடிக்கிறோம்?

சரி, ஆப்பரேஷனுக்கு வருவோம். இது நேற்றுப் பிறந்த வைத்தியமல்ல. 1954இலேயே அமெரிக்காவில் குடலைச் சுருக்கி இணைக்கும் முறை எழுதப்பட்டது. அதனால் பலருக்கு ஈரலும் சிறுநீரகமும் கெட்டதால் அது பின்னால் கைவிடப்பட்டது. அயோவா மாநிலத்தில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர், வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பெண்கள் பிறகு எடை கூடாமலே இருப்பதைக் கவனித்தார். 1966இல் அதையே பருமனுக்கு வைத்தியமாகச் செய்து பார்த்தார். இன்று பெரும்பாலும் இரண்டு முறைகளில் செய்கிறார்கள். ஒன்றில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாட்டில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவுக்குக் குழாயாக விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு ஒன்று அந்த வெட்டி எறிந்த பாகத்தில்தான் அதிகம் ஊறுகிறது, ஆகவே பசியும் குறையும். மற்றதில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மேலே பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியை இழுத்து அதனோடு தைப்பார்கள். சாப்பாடு பெரிய இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமல் குறுக்குவழியில் போய்விடும். நம் அக்காவுக்குச் செய்தது இரண்டாவது முறை. இரண்டையும் இப்போது வயிற்றில் சில சின்னத் துளைகள் போட்டு, கேமராவை விட்டுச் செய்துவிடுகிறார்கள்.

பலன் உண்டா? உண்டு. முதல் ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் மொத்த எடையில் நாலில் ஒரு பங்கு, சிலருக்கு மூன்றில் ஒரு பங்கு இறங்கும். ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கி, ஆப்பரேஷன் செய்துகொண்ட சுமார் இரண்டாயிரம் பேரையும், செய்துகொள்ளாத அதே மாதிரியான இரண்டாயிரம் பேரையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, செய்துகொண்டவர்களிடையே சாவு குறைவு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு, எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களில் ரத்தச் சீனி குறைய ஆரம்பிப்பதுண்டு. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்! பழைய அளவிலேயே இன்சுலின் குத்திக்கொண்டால் சீனி அடியோடு இறங்கி மயக்கம் போட்டுவிடும். மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். "இனி நமக்கு இனிப்பு நீரே இல்லை" என்று கொண்டாடவும் வேண்டாம். சிலருக்குச் சில வருஷத்தில் திரும்பி வருகிறது.

யாருக்கு இது பொருந்தும்? உங்கள் எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் வைத்து இரண்டு தடவை வகுத்துப் பாருங்கள். ஐந்தடி மூன்றங்குல உயரம் என்றால் 1.6 மீட்டர். 90 கிலோ எடையை 1.6ஆல் வகுத்து, வந்ததை இன்னொரு தடவை 1.6ஆல் வகுத்தால் 35 வரும். 2022இல் உலக அறுவை வைத்தியர் சங்கங்கள் வகுத்த விதிப்படி, 35க்கு மேல் இருந்தால் இந்த ஆப்பரேஷனைப் பரிசீலிக்கலாம், இனிப்பு நீர் இருந்தால் 30லேயே யோசிக்கலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேர்வதால், 27.5லேயே எடுத்துச் சொல்லலாம் என்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அளவு மாறும். ஐந்து கிலோ பத்து கிலோ கூடியவர்களுக்கும் கல்யாணத்துக்கு முன் இளைக்க விரும்புகிறவர்களுக்கும் இது வைத்தியமல்ல.

இனி அக்காவின் அனுபவம்.

முதல் இரண்டு வாரம் தண்ணீராகத்தான் ஆகாரம். பிறகு கூழ் மாதிரி மசித்தது. ஒன்றரை இரண்டு மாதம் ஆனபின்தான் மெத்தென்ற சோறும் மீனும். "அரைக் கப் கஞ்சிக்கே மூச்சு முட்டும் தம்பி. மூணு தட்டு சாப்பிட்டவ நான்!" ஒரு வாய்க்கு இருபது தடவை மென்று, சாப்பாட்டை அரைமணி நேரம் இழுத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. முன்னும் பின்னும் அரைமணி இடைவெளி விட வேண்டும். இது நமக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பசியாற பத்து நிமிஷம் கிடைக்கிற ஆட்கள் நாம்! வேகவேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றி இறக்குவது தலைமுறைப் பழக்கம். ரொட்டி சானாயும் கெட்டிச் சோறும்தான் அவருக்கு அதிகம் அடைத்துக்கொண்டன. அடைத்தால் நெஞ்சுக்குள் கல் வைத்தது மாதிரி வலி, அப்புறம் வாந்தி.

தண்ணீர் விஷயம் வெயிலில் நிற்கிறவர்களுக்கு இன்னும் முக்கியம். செம்பனைக் குலை வெட்டுகிறவர் தாகம் எடுத்ததும் ஒரு புட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். இந்த வயிறு அதைத் தாங்காது. நாள் முழுவதும் வாய்வாயாகக் குடித்து ஒன்றரை லிட்டர், வெயிலில் அதற்கு மேலேயும் சேர்க்க வேண்டும். குலை தூக்குவது, உர மூட்டை சுமப்பது எல்லாம் குறைந்தது நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஆகாது. "ரெண்டு வாரத்துல வேலைக்கு வந்துடுவேன்" என்று மண்டோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சாப்பாடு கொஞ்சம் என்பதால் அந்தக் கொஞ்சத்தில் முதலில் புரதச் சத்து உள்ளே போக வேண்டும். நாளைக்கு 60 கிராமாவது தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், உள்ளங்கை அளவு மீன் துண்டில் சுமார் 20 கிராம். கெம்போங் மீன், முட்டை, பருப்பு, தெம்பே, தௌபூ இவை போதும். டின்னில் அடைத்து விற்கும் விலையுயர்ந்த பவுடர்களை ஆரம்ப வாரங்களுக்கு டாக்டர் சொன்னால் வாங்குங்கள், கடைக்காரர் சொன்னால் வேண்டாம். தட்டில் முதலில் மீன், பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. அக்காவின் மாமியார் இதைக் கண்டு, "சோத்தை ஒதுக்கிட்டு மீனை மட்டும் தின்றா பாரு" என்று ஊரெல்லாம் சொன்னாராம்.

தைப்பூசத்தன்று நடந்ததையும் கேளுங்கள். ஆப்பரேஷன் முடிந்த முதல் வருஷம், தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் ரோஸ் சிரப் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் ஒரு கப் முழுக்கக் குடித்துவிட்டார். கால்மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வேர்த்து, வயிறு முறுக்கிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் சாமி வந்துவிட்டதென்று வேப்பிலை தேடினார்களாம்! சாமியுமில்லை, மாரடைப்புமில்லை. சின்னப் பையில் தங்க இடமில்லாமல் சீனித்தண்ணீர் நேராகக் குடலில் கொட்டியதால் வந்த வினை. குறுக்குவழி ஆப்பரேஷன் செய்தவர்களுக்கு இது சகஜம். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சீனி இறங்கி மயக்கமும் வரும். வண்டி ஓட்டுகிறவர்களும் கத்தி பிடிக்கிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. பயந்துபோனார். பெரும்பாலும் ஆறேழு மாதத்தில் திரும்ப முளைத்துவிடும், புரதமும் இரும்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால். தொங்கிப்போன தோல் மட்டும் திரும்பிச் சுருங்காது. வயிற்று மடிப்பில் வேர்வை தங்கிப் படை வந்தது. தினமும் கழுவி, ஈரமில்லாமல் துடைப்பதுதான் வழி. அண்டை அயலார் வேறு, "என்ன நோவோ, இப்படி இளைச்சிட்டா" என்று கிசுகிசுத்தார்கள். பருத்திருந்தபோதும் பேசினார்கள், இளைத்தபோதும் பேசுகிறார்கள்!

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். குடலைச் சுற்றி அனுப்பியபின் இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி12, டி முதலான விட்டமின்கள் சரியாக உடம்பில் சேராது. ஆகவே மாத்திரை என்பது ஆயுசு முழுவதும். பி12 சிலருக்கு ஊசியாகவே போட வேண்டியிருக்கும். அக்கா இரண்டு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு மகளின் படிப்புச் செலவு வந்தது. "நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு" என்று நிறுத்திவிட்டார். மூன்றாம் வருஷக் கடைசியில் படியேறினால் மூச்சு வாங்கிற்று, பாதம் மரத்துப்போய்ச் செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் இரும்பும் பி12உம் அடிமட்டத்தில் இருந்தன. ரத்தம் ஏறிவிட்டது. ஆனால் வலது பாதத்தின் மரமரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. மாதாமாதம் மாத்திரைக்குப் பணம் ஒதுக்க முடியுமா என்று கணக்குப் பார்க்காமல் ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது அவர் உங்களிடம் சொல்லச் சொன்னது.

பி1 என்றொரு சத்து உண்டு. அதன் கதை நம் நாட்டுக் கதை. நூறு வருஷத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆட்களைக் கொன்று குவித்தது. கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், இதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அதிகம் வந்தது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. 1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பாதிப் பேருக்கு வெள்ளையரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து, நோய் அரிசியோடு சம்பந்தப்பட்டது என்று காட்டினார். தவிட்டோடு போய்விட்ட அந்தச் சத்துதான் பி1. நம் பாட்டிமார்களின் புழுங்கல் சோறு அவர்களைக் காப்பாற்றியது. அதே நோய் இப்போது இந்த ஆப்பரேஷன் வழியாகத் திரும்பி எட்டிப் பார்க்கிறது. நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்துபோய், பார்வை இரண்டாகத் தெரிந்து, நடை தள்ளாடி, புத்தியும் தடுமாறும். ஆகவே வாந்தி ஒருநாள் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் ஓமவாட்டர் குடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, "எனக்கு இரைப்பை ஆப்பரேஷன் நடந்திருக்கு" என்று சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 கொடுக்க வேண்டியிருக்கும், டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இடுப்பு வலிக்கும் முட்டிவலிக்கும் கடையில் வாங்கி விழுங்குகிறோமே, அந்த வலி மாத்திரைகளில் பல இந்தச் சின்ன வயிற்றில் புண்ணை உண்டாக்கும். குறுக்குவழி ஆப்பரேஷன் செய்தவர்கள் பாரசிட்டமோலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சிகரெட்டும் அப்படித்தான், புண்ணுக்கு நேர் வழி.

குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஆப்பரேஷனுக்குப் பின் ஒரு கிளாஸ் பீர் பழைய இரண்டு மூன்று கிளாஸ் மாதிரி ஏறும், சீக்கிரமாக ஏறும். முன்பு அளவாகக் குடித்தவர்கள்கூட ஆப்பரேஷனுக்குப் பின் குடிக்கு அடிமையாவதுண்டு என்று 2012இல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. பந்து விளையாட்டுப் பிரியர்களுக்கு மாரடோனாவைத் தெரியும். 1986 உலகக் கிண்ணத்தைத் தூக்கிய அவர், 2005இல் கொலம்பியாவில் இந்த ஆப்பரேஷனைச் செய்துகொண்டு பாதி ஆளாக இளைத்து டெலிவிஷனில் தோன்றினார். 2007இல் குடியினால் ஆஸ்பத்திரியில் படுத்தார். எடையும் திரும்ப ஏறிற்று. அவருக்கு வேறு பழக்கங்களும் இருந்தன, எல்லாவற்றையும் ஆப்பரேஷன் தலையில் போட முடியாது. ஆனால் வயிற்றைத் தைத்தவர்கள் மனசைத் தைக்கவில்லை. வீட்டில் சம்சுவோ பீரோ பழக்கமாக இருந்தால், அதை முதலில் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இளம் பெண்கள் ஒன்றரை வருஷம் வரை கர்ப்பம் தரிக்காமல் இருப்பது நல்லது. எடை வேகமாக இறங்கும்போது குழந்தைக்குச் சத்து போதாது. எடை குறைந்ததும் முன்பு தரிக்காதவர்களுக்கும் தரித்துவிடும், விழுங்குகிற கர்ப்பத்தடை மாத்திரை குறுக்குவழிக் குடலில் சரியாக ஏறாமலும் போகலாம். ஆகவே வேறு முறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் எடை 80க்கு இறங்கி, இப்போது 87இல் நிற்கிறது. இரண்டாம் வருஷத்துக்குப் பின் கொஞ்சம் ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். பசி மெதுவாகத் திரும்பும். மைலோவும் பிஸ்கட்டும் முறுக்கும் சின்ன வயிற்றிலும் சுலபமாக இறங்கும், நாள் முழுக்கக் கொறித்தால் எந்த ஆப்பரேஷனும் தோற்றுவிடும். அவருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றாகக் குறைந்தது, இன்சுலின் நின்றது, முட்டிவலி இருக்கிறது. திரும்பச் செய்துகொள்வீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "செய்வேன். ஆனா மாத்திரையை நிறுத்த மாட்டேன்" என்றார்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். நேராகத் தனியார் ஆஸ்பத்திரி விளம்பரத்தைப் பார்த்துப் போகாதீர்கள், அங்கே செலவு பல பத்தாயிரம் வெள்ளி. முதலில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்துப் பதிந்து, டாக்டரிடம் சிபாரிசுக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் ஆஸ்பத்திரி போன்றவற்றில் இந்த ஆப்பரேஷன் நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் எங்கே அனுப்பலாம் என்பதைக் கிளினிக் டாக்டர் சொல்வார். காத்திருக்க வேண்டிவரும். அந்த நாட்களில் சாப்பாட்டு முறையைப் பழகிக்கொள்ளலாம். இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், தீவிர சிகிச்சை வார்டு இருக்கிறதா, பிறகு யார் என்னைப் பார்ப்பார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். அனுபவமுள்ள இடங்களில் சாவு ஆயிரத்தில் ஒருவர் இருவர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. ஆனாலும் 2024இல் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எடை குறைக்கப் போன வாலிபர் ஒருவர் இறந்துபோய், தமிழ்நாட்டு அரசாங்கம் விசாரணை வைத்தது. வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலோ, நெஞ்சு வேகமாக அடிப்பதோ, வயிற்று வலியோ, காலில் வீக்கமோ வந்தால் தையல் கசிவோ ரத்தக்கட்டோ இருக்கலாம், இராத்திரி என்று பார்க்காமல் போய்விடுங்கள்.

எடை குறைக்கும் ஊசிகளும் இப்போது வந்திருக்கின்றன. நல்ல மருந்துதான், ஆனால் விலை அதிகம், நிறுத்தினால் எடை திரும்புகிறது. கைப்பேசி வழியாக விற்கிறவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

லீவு விஷயம்: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும் என்று டாக்டர் சான்று கொடுத்தால், வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரியிலிருந்து இது சாதாரண நோய் விடுப்பான 14, 18 அல்லது 22 நாளுக்கு மேல் தனியாகக் கிடைக்கிறது. சான்றுக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் யாராவது இல்லையென்றால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

அக்காவுக்கு அடுத்த மாதம் ஜார்ஜ்டவுனில் வருஷாந்திர ரத்தப் பரிசோதனை. பட்டர்வொர்த்தில் காலை ஃபெரியைப் பிடித்து, வெறும் வயிற்றோடு போய் நிற்க வேண்டும். கஷ்டமில்லையா என்றேன். "வெறும் வயிறுதானே தம்பி, இப்பல்லாம் அது சுலபம். நம்பர் கூப்பிடறவரைக்கும் உக்கார்றதுதான் கஷ்டம்" என்று சிரித்தார்.